நிஸா கீறிய வீடும் வெளியே படுத்த மாப்பிள்ளையும்

2017ஆம் ஆண்டு பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி விடியற்காலை, கிண்ணியாவில் பெயின்ற் வாசம்கூடப் போகாத ஒரு புது வீடு, கல்யாணமாகி மூன்றே நாளான தன் மாப்பிள்ளையைத் தலையணை, போர்வை சகிதம் வெளியே கொண்டுவந்து விறாந்தையில் கிடத்தியது. மாப்பிள்ளை அன்ஸாரின் தூக்கம்கூடக் கலையவில்லை. சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டுக் கண் விழித்தவன், ஒரு பசுமாடு பக்கத்தில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். அவன் நல்ல சுபாவக்காரன். உள்ளே புழுக்கமாக இருந்திருக்கும், தானே எழும்பி வந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு தொழப் போனான். அடுத்த நாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் மாமனார் ஜவாஹிர் எல்லாக் கதவுகளையும் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். விடிந்தபோது கதவுகள் பூட்டியபடி இருந்தன, திறப்பு இடுப்பில் இருந்தது, மாப்பிள்ளை விறாந்தையில் இருந்தான். அன்று கிண்ணியாச் சந்தையில் அறுக்குளா கிலோ ஆயிரத்து இருநூறு ரூபா. ஊர் இரண்டு செய்தியையும் ஒரே குரலில்தான் பேசியது. மீன் விலையைப் பேசும்போது மட்டும் கொஞ்சம் கோபம் இருந்தது.

அந்த வீட்டுக்குப் படம் கீறியவள் மணப்பெண் றம்லாவின் மூத்த சகோதரி நஜ்முன் நிஸா. ஊருக்கு அவள் நிஸா. அவர்களுடைய வாப்பா ஜவாஹிர், பாலம் கட்டுவதற்கு முந்திய காலத்தில் கிண்ணியாத் துறையில் 'பாதை'யில் வேலை செய்தவர். பாதை என்றால் தெரு அல்ல; சனத்தையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு மிதந்து போகும் இரும்புத் தட்டு. மாடு எங்கே நிற்க வேண்டும், லொறி எங்கே நிற்க வேண்டும், தலையில் பெட்டி வைத்திருக்கும் பெண் எங்கே நின்றால் பாதை சரியாது என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அந்தக் கண் மூத்த மகளுக்கு வந்தது. அவள் மொறட்டுவையில் கைத்தொழில் வடிவமைப்புப் படிக்கப் போனபோது, சித்திர ரீச்சராக வரப் போகிறாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பாலம் திறந்தது, பாதை நின்றது, ஜவாஹிர் ஓய்வில் வீட்டுக்கு வந்தார், மகள் பட்டத்தோடு வந்தாள். கணக்கு மாஸ்டர் ஜவ்பரைக் கல்யாணம் செய்துகொண்டு, வீடுகளின் உட்புறத்தை வடிவமைக்கும் வேலையைத் தொடங்கினாள்.

அவளுடைய வேலை முறை கொஞ்சம் புதினமானது. அளவு நாடாவை அவள் கடைசியில்தான் எடுப்பாள். முதலில் வீட்டுக்காரரை வெறும் கூடத்துக்குள் விட்டு, கையில் ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொடுத்து, தான் ஒரு மூலையில் குந்திக்கொள்வாள். அவர் எங்கே நின்று குடிக்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார், கடைசியில் கோப்பையை எங்கே வைக்கிறார் என்று பார்ப்பாள். கோப்பை வைத்த இடத்திலிருந்துதான் கோடு தொடங்கும். அப்படிக் கீறிய வீடுகள் ஆளுக்குத் தக்கபடி நடந்துகொண்டன. உவர்மலையில் பாக்கியரத்தினத்தாரின் விறாந்தை, அவர் காணிக் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற அன்று பின்னேரம் ஒன்றரை அடி நீண்டது. இனி அவருக்கு உலாவ நேரம் இருக்கும் அல்லவா. அவருக்கும் மனைவிக்கும் சண்டை வந்து கதை நின்றுபோன நாட்களில் கூடத்துக்கும் குசினிக்கும் இடையிலான சுவர் ஓர் அங்குலம் தடித்தது, பிறகு மெலிந்தது. மட்டிக்களியில் தயாளினி ரீச்சர் கொப்பி திருத்தும் மேசையில் வெயில் விழக்கூடாது என்று, ஜன்னல் நாள் முழுக்கச் சுவரோடு நகர்ந்து போனது. நாலே வருடத்தில் நிஸா பதினொரு வீடு கீறினாள். வரி மதிப்பிட வந்தவர்கள் ஒரே வீட்டை இரண்டு தரம் அளக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான் முறைப்பாடு.

இப்போது ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே வீடு முதல், மாப்பிள்ளை பிறகு. அத்திவாரம் வெட்டும்போது மாப்பிள்ளை நெட்டையா கட்டையா, குறட்டை விடுவாரா, இனிப்புக் கூடக் கேட்பாரா என்று யாருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக மேசன்மார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: எல்லாவற்றையும் பொதுவாகக் கட்டிவிடுவது. பொதுவான கதவு, பொதுவான ஜன்னல், எவரும் படுக்கக்கூடிய ஓர் அறை. நிஸாவின் சொந்த வீடும் மேசன் யோகலிங்கம் அப்படி ஏனோதானோ என்று கட்டியதுதான். அதில் ஜவ்பர் மாஸ்டர் ஒரு நாளும் எங்கேயும் இடிபட்டதில்லை. ஆனால் தங்கச்சியின் வீடு வரும்போது நிஸா படித்தவள் அல்லவா, பொதுவாகக் கட்டுவது பாமரத்தனம் என்று யோகலிங்கத்திடம் சொன்னாள். றம்லாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துப் பார்க்கவும் இல்லை. எட்டுப் பேர் இரண்டு அறையில் நெருக்கியடித்து வளர்ந்த வீட்டில், தன்னோடு ஒரே பாயில் பதினாறு வருடம் படுத்த தங்கச்சி அவள். நிஸா கண்ணை மூடிக்கொண்டு கீறினாள். 2014இல் கீறி, 2015இல் கட்டி, 2017இல் மாப்பிள்ளை கிடைத்தான்.

வீடு அவனோடு கோபித்துக்கொள்ளவில்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அவனுக்கு அங்கே இடம் இல்லை, அவ்வளவுதான். ஏழடிக் கதவு நிலை அவன் நுழையும்போது மட்டும் ஐந்தரை அடிக்கு இறங்கியது. அவன் சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினால், ஆணி சுவருக்குள் போனது. சாப்பாட்டு மேசையில் அவனுடைய பீங்கான் மெல்ல மெல்ல நகர்ந்து வாசற்படிக்குப் போய் அங்கே அவனுக்காகக் காத்திருந்தது. அன்ஸார் கிண்ணியா–திருகோணமலை ஓடும் ஒரு பழைய பஸ்ஸின் சொந்தக்காரனும் சாரதியும். நெற்றியில் மூன்று புடைப்போடு இரண்டு கிழமை ஓடிய பிறகு, பஸ்ஸைக் கேற்றடியில் நிறுத்தி அதிலேயே படுக்கத் தொடங்கினான். தாயின் வீட்டுக்குப் போனால் கல்யாணம் முறிந்தது என்று ஊர் எடுத்துக்கொள்ளும்; அதனால் போகவில்லை. றம்லா காலையும் மாலையும் சாப்பாட்டைக் கேற்றடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் மரியாதையாக இரண்டு வார்த்தை கதைத்தார்கள். பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் இடையே பதினான்கு அடி. நிஸா அதை அளவு நாடாவால் இரண்டு தரம் அளந்து பார்த்தாள்.

அன்ஸாரின் தாய் அசனா ஹஜ்ஜுப் பெருநாள்வரை பொறுத்தார். பெருநாளன்று வட்டிலப்பம் கொண்டுவந்து, அதை ருசி பார்த்து முடியும்வரைகூடக் காத்திருந்து, பிறகு ஜவாஹிரிடம் சொன்னார்:

"மச்சான், குறை சொல்ல நான் வரல்ல. வீடு வடிவுதான். ஆனா என்ட மகன் மாப்பிள்ளையா வந்தவன், காவல்காரனா வரல்ல. வாற வருசம் ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள அவன் உள்ளுக்குப் படுக்கல்லண்டா, நான் லொறி கொண்டு வந்து அவன்ட சாமானோட கூட்டிட்டுப் போயிருவன்."

நியாயமான கதை என்பதால் யாரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து நிஸாவுக்கு ஒரு வருடம்.

முதலில் தனக்குத் தெரிந்த வழியிலேயே போனாள். அன்ஸாரைக் குனிந்து நுழையவைத்துக் கூடத்தில் நிறுத்தி, கையில் தேத்தண்ணியைக் கொடுத்து மூலையில் குந்தினாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை அவளிடமே நீட்டினான். இன்னொன்று கொடுத்தாள், அதையும் அப்படியே. சாரதிமார் தேத்தண்ணி குடிப்பது அப்படித்தான்: கடைக்காரன் ஜன்னலால் நீட்டுவான், குடித்து ஜன்னலாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், பின்னால் அடுத்த பஸ் ஹோர்ன் அடிக்கும். ஏழு கோப்பை குடித்தான், ஒன்றைக்கூட எங்கேயும் வைக்கவில்லை. கோப்பை வைக்காத மனிதனுக்குக் கோடு எங்கே தொடங்குவது? நிஸா மனதுக்குப் பட்டபடி மூன்று தரம் உள்ளமைப்பை மாற்றினாள். மூன்று தரமும் வீடு இன்னும் கொஞ்சம் றம்லாவுக்கு ஏற்றதாக மாறியது. இதற்குள் பெண் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன்மார் எல்லாரும், மாப்பிள்ளையை வெளியே போடும் வீடு நமக்கெதற்கு என்று, கொடுத்திருந்த வேலைகளைச் சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். திருகோணமலையில் அவளுடைய உள்ளமைப்புத் தொழில் அதோடு முடிந்தது.

கொழும்புப் பக்கம் ஒரு தளபாடக் கம்பனி அவளை வேலைக்கு எடுத்தது. அங்கே அவள் கீறியது ஒரு கதிரை. யாரும் வாங்கக்கூடிய, அடுக்கி வைக்கக்கூடிய, கழுவக்கூடிய பிளாஸ்டிக் கதிரை. எல்லாருக்குமான பொருளைக் கீறும்போது எல்லாரையும் நினைக்க வேண்டும் என்பது அவள் படித்த பாடம். ஆனால் அவள் மனதில் அப்போது இருந்தது ஒரே ஒரு ஆள். தங்கச்சியின் புருசனுக்கு உட்கார ஓர் இடம் கிடைக்காதா என்ற ஒரே ஒரு எண்ணம். நாலாயிரம் கதிரைகள் வார்க்கப்பட்டு நாடு முழுக்கப் போயின. வடிவான கதிரைதான். ஆனால் அதில் இருந்தவர்களுடைய வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது. குருநாகலில் ஒரு நொத்தாரிசு, காணி உறுதி எழுதும்போது அடிக்கடி வலது தோளுக்கு மேலால் கண்ணாடி பார்த்தார். காலை ஏழு பத்துக்கு அன்ஸாரின் பஸ் கிண்ணியாப் பாலத்தடியில் இடது பக்கம் திரும்பும்போது, நாலாயிரம் கதிரைகளும் அவற்றில் இருந்த சனமும் ஒன்றாக ஒரு பக்கம் சரிந்தார்கள். மட்டக்களப்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் மணமகள் நுழையும் நேரம், சீனக்குடாவில் ஒரு மாடு அன்ஸாரின் பஸ்ஸுக்குக் குறுக்கே வீதியைக் கடந்தது. இருநூறு விருந்தாளிகளும் முன்னால் குனிந்தார்கள். மரியாதையான சனம் என்று பெண் வீட்டார் மகிழ்ந்துபோனார்கள். எல்லாரும் அப்படி மகிழவில்லை. கம்பனி எஞ்சிய கதிரைகளைச் சாரதிமார் ஓய்வு மண்டபங்களுக்குக் கொடுத்துவிட்டு, நிஸாவை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பியது. அவள் ஒரு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். றம்லாவின் கூடத்தில் அதை வைத்தாள். மறுநாள் கதிரை விறாந்தையில் இருந்தது.

2018 பிறந்தபோது நிஸாவுக்குக் கீற வீடும் இல்லை, பொருளும் இல்லை. சீனக்குடாவில் ஒரு கராஜின் பின்பக்கத்தில் வாகனங்களுக்குச் சித்திரம் கீறத் தொடங்கினாள். படித்துவிட்டுத் தகரத்துக்குப் பெயின்ற் அடிக்கிறாள் என்று சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் ஓட்டோவையும் கொண்டுவந்தார்கள். சல்லிக் கிராமத்தில் மீன் ஏற்றும் ஓர் ஓட்டோவின் இரு பக்கமும் அவள் கடலைக் கீறினாள். அன்று முதல் அந்த ஓட்டோவில் ஐஸ் கரையவில்லை, ஆனால் பௌர்ணமி நாட்களில் மட்டும் அது கொஞ்சம் உயரமாக நின்றது. நிலாவெளியில் ஒரு வான் வண்டியில் மழை மேகம் கீறினாள். சொந்தக்காரர் அதைக் கழுவும் வேலையே வைத்துக்கொள்ளவில்லை. வேலை பிடித்திருந்தது. வாகனம் ஒன்றைக் கீறும்போது அதில் யார் ஏறப் போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. வீடு கீறிய காலத்தில் அவள் பொறுக்காத அந்த நிச்சயமின்மை இப்போது அவளுக்குக் கையைத் தளர்த்திவிட்டது போல இருந்தது. ஆனால் நாட்காட்டியைப் பார்த்தால் அந்தத் தளர்வு போய்விடும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து மாதம், நாலு மாதம்.

ஏப்ரலில் அவள் அன்ஸாரிடம் போய், உங்களுடைய பஸ்ஸுக்கு நான் பெயின்ற் அடித்துத் தருகிறேன், அதில் ஏதாவது வழி பிறக்கலாம் என்று கேட்டாள். அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மதினி, குறை நினைக்காதீங்க," என்றான். "பஸ்ஸ மட்டும் கீற வேணாம். எனக்கெண்டு இருக்கிற இடம் இது ஒண்டுதான்."

நிஸா தன் தொழிலில் கேட்ட எல்லாச் சொற்களிலும் அவளை அதிகம் நோகச் செய்தது இதுதான். அங்கிருந்து நேரே தங்கச்சியிடம் போய், யோகலிங்கத்தைக் கூப்பிட்டு வீட்டை இடித்துப் பொதுவாகக் கட்டித் தருகிறேன் என்று அழுதாள். றம்லா அக்காவின் அழுகை ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி வர அவளுடைய வீடு: அவள் கை நீட்டும் உயரத்துக்கு இறங்கும் தட்டு, அவள் நினைத்த நேரம் காற்று வரும் ஜன்னல், வாழ்க்கையில் முதல் தரம் அவள் உட்புறமாகச் சாத்திக்கொண்ட கதவு.

"வீட்டுல பிழை ஒண்டும் இல்ல ராத்தா," என்றாள். "எனக்கு ஒத்தயா இருக்கத்தான் ஆசை. சின்னதிலயிருந்தே. வெக்கத்துல ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல. நீங்க அதச் சரியாக் கீறிட்டீங்க."

நிஸாவுக்கு ஒரே நேரத்தில் சந்தோசமும் இடியும் வந்தன. இவ்வளவு துல்லியமாக ஒரு வீட்டைக் கீறியவர் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இல்லை. அந்தத் துல்லியத்தால்தான் ஒரு நல்ல மனிதன் பதினான்கு மாதமாகப் பஸ்ஸில் படுத்திருக்கிறான். அன்ஸாரைப் பிடிக்கவில்லையா என்று தங்கச்சியிடம் கேட்டாள். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியுமளவுக்கு அவரோடு கதைக்கவில்லையே என்றாள் றம்லா. கல்யாணத்துக்கு முன் பார்த்தது பத்து நிமிடம், பிறகு பார்ப்பது கேற்றடியில். அதிலும் அவர் எப்போதும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். நன்றி சொல்லும் புருசனைப் பற்றி என்ன தெரிந்துகொள்வது என்று கேட்டாள்.

ஜூன் மாதம், நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு திங்கட்கிழமை, அன்ஸார் மத்தியானச் சாப்பாட்டை எடுக்காமல் போய்விட்டான். றம்லா பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்றாள். பிறகு அபாயாவைப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறித் திருகோணமலைக்குப் போனாள். பஸ் ஸ்ராண்டில் மான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன. அன்ஸாரின் பஸ் நிரம்பி வழிந்தது. அவன் சாரதி ஆசனத்திலிருந்து எழும்பி உள்ளே நின்று, கொண்டக்டர் சிந்துஜனோடு சேர்ந்து சனத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான். மூதூரிலிருந்து வந்த கர்ப்பிணிப் பெண்ணை முன் சீற்றில் இருத்தி, அதிலிருந்த ஆளை எஞ்சின் மூடியில் இருத்தி, எஞ்சின் மூடியில் இருந்த தயிர்ச் சட்டிகளைத் தன்னுடைய பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்து, பையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஆட்களின் தோளைத் தொடாமலே ஆட்களை நகர்த்தினான். ஒருவருக்கும் முகம் கோணவில்லை. வாசலில் கறுப்பு அபாயாவோடு ஒரு பெண் தயங்கி நிற்பதைக் கண்டவன், முகத்தைச் சரியாகப் பாராமல், அது தன் மனைவி என்று தெரியாமலே சொன்னான்:

"உள்ளுக்கு வாங்க, இடமிருக்கு."

அவள் ஏறினாள். உண்மையிலேயே இடமிருந்தது. ஐம்பத்திரண்டு ஆசனப் பஸ்ஸில் தொண்ணூறு பேருக்கு நடுவே, ஒருவருடைய முழங்கையும் படாமல், ஜன்னல் காற்று நேரே முகத்தில் விழும்படி ஓர் இடம். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது: இத்தனை பேருக்குள்ளேயும் தனியாக இருக்கலாம் போல. அவள் கிண்ணியாவில் இறங்கவில்லை. திரும்பவும் திருகோணமலைக்குப் போனாள், திரும்பவும் வந்தாள். மூன்றாவது ஓட்டத்தில் அன்ஸார் கண்ணாடியில் அவளைக் கண்டு கியரை மாற்றிப் போட்டான். அந்நேரம் நாடு முழுக்க நாலாயிரம் கதிரைகள் குலுங்கின. நாலாவது ஓட்டம் முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, இருவரும் ஆறிய சோற்றை எஞ்சின் மூடியில் வைத்துப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அன்று அவன் நன்றி சொல்லவில்லை, மீன் பொரியலில் உப்புக் கூட என்று சொன்னான். இருபத்தொரு நாள் அவள் அப்படிப் போய் வந்தாள். ஊர் முதலில் சிரித்தது, பிறகு அவளிடம் பஸ் நேரம் கேட்கத் தொடங்கியது.

ஆனால் வீடு அசையவில்லை. கதவு நிலை இறங்குவது மட்டும் ஐந்தரை அடியிலிருந்து ஆறடியாகியது. அன்ஸார் ஆறடி ஓர் அங்குலம். பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நிஸா திரும்பவும் தங்கச்சியிடம் வந்தாள். இப்போதாவது அவரை உள்ளே விட உனக்கு மனம் இருக்கிறதா, உண்மையைச் சொல் என்றாள். றம்லா யோசித்துத்தான் பதில் சொன்னாள். மனம் இருக்கிறது, பயமும் இருக்கிறது என்றாள்.

"அவர் தனிய வந்தா எங்க ரெண்டு பேர்ல ஒராள் சுருங்கோணும் ராத்தா. நானும் சுருங்க மாட்டன், அவரும் சுருங்கக் கூடாது. பஸ்ஸோட வரச் சொல்லுங்க."

நிஸா குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினாள். பிறகு ஒரு கோப்பை தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போய், பஸ்ஸில் ஏறி, சாரதி ஆசனத்தில் இருந்த அன்ஸாரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீற்றில் போய்க் குந்தினாள். எஞ்சின் நின்றிருந்தது, ஹோர்ன் அடிக்க யாரும் இல்லை. அவன் ஆறுதலாகக் குடித்தான். குடித்து முடித்ததும், யோசிக்காமல், இடது கையை நீட்டி, அந்த இருபத்தொரு நாளும் றம்லா சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்த எஞ்சின் மூடியின் ஓரத்தில் கோப்பையை வைத்தான். நிஸாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. பஸ்ஸைக் கீறலாமா என்று அவள் கேட்டதற்கு அவன் இந்த முறை தலையாட்டினான்.

அவள் அந்தக் கோப்பையிலிருந்து தொடங்கினாள். ஒரே தாளில் பஸ்ஸும் வீடும். பஸ்ஸின் இடது பக்கத் தகரத்தில் வீட்டின் உட்புறத்தைக் கீறினாள். வீட்டின் கிழக்குச் சுவரில் பஸ்ஸின் ஜன்னல்களைக் கீறினாள். எட்டு நாள் ஜவ்பர் மாஸ்டர் சமைத்தார். யோகலிங்கம் சுவரை உடைக்க அலவாங்கோடு வருவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் வேலை இருக்கவில்லை. ஒகஸ்ட் இருபத்தோராம் திகதி பின்னேரம் அன்ஸார் கடைசி ஓட்டம் முடித்து வந்து, வழக்கம்போலக் கேற்றடியில் பிரேக் போட்டான். பஸ் நிற்கவில்லை. கேற் ஒதுங்கியது, முற்றம் ஒதுங்கியது, கிழக்குச் சுவர் திரைச்சீலை விலகுவதுபோல விலகியது. பஸ் தன் முழு நீளத்தோடும் வீட்டுக்குள் போய், கூடத்துக்கும் குசினிக்கும் பக்கத்தில் ஓர் அறையாக நின்றது. பதினான்கு அடி எங்கே போனது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. யோகலிங்கம் சுவர் விளிம்பைத் தடவிப் பார்த்து, பூச்சு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பெருநாள். தொழுகை முடிந்த கையோடு அசனா சொன்னபடி லொறியில் வந்து இறங்கினார். முன்வாசலில் மகனைத் தேடினார். விறாந்தையில் கதிரைகூட இல்லை. கேற்றடியில் பஸ் இல்லை. சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனவர், வீட்டின் சுவரில் பஸ்ஸின் முன்கதவு திறந்திருப்பதையும், உள்ளே முன் சீற்றில் மகன் பெருநாள் உடுப்போடு இருந்து மருமகளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பதையும் கண்டார். எதற்கும் வளையாத பெண்தான் அவர். மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தார். குறை பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. ஏறும் படியில் ஒரு காலை வைத்தவர், நின்று கேட்டார்:

"செருப்ப எங்க கழட்டுற?"

லொறியைச் சும்மா அனுப்ப வேண்டாம் என்று அதில் றம்லா ஒரு சட்டி புரியாணி வைத்து அனுப்பினாள். செருப்பு விடயத்தை நிஸா அன்றே கவனித்து, படியின் கீழே இழுத்து மூடும் ஒரு தட்டு அடித்தாள். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போகும் சனம் அதன்பிறகு அந்தப் பஸ்ஸில் செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுத்தான் ஏறுகிறது. பிறருடைய வீட்டுக்குள் செருப்போடு போவது அழகில்லை. எத்தனை ஆசனம் என்று வீதியில் மறித்துக் கேட்பவர்களுக்குச் சிந்துஜன், ஏறுகிற ஆட்களைப் பொறுத்தது என்று பதில் சொல்வான், அவர்களும் எண்ணிப் பார்த்துவிட்டு ஓம் என்பார்கள். 2020இல் ஊரடங்கின்போது பஸ் மூன்று மாதம் வீட்டைவிட்டு அசையவில்லை. றம்லாவுக்கு அது கொஞ்சம் கூடிப்போனது என்று அக்காவிடம் சொன்னாள், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 2022இல் டீசல் வரிசையில் அவர்களுடைய படுக்கையறை நாலு நாள் நின்றது; கைக்குழந்தை ஜெஸ்மினோடு அவர்கள் அங்கேயே இருந்தார்கள், வரிசையில் நின்றவர்கள் முறை வைத்துப் பிள்ளையைத் தாலாட்டினார்கள். நிஸா இப்போது வாகனங்களைத் தவிர வேறெதுவும் கீறுவதில்லை. மூதூர், திரியாய், ஹபரணை என்று பஸ்கள் அவளுடைய கராஜுக்கு வெளியே மாதக் கணக்கில் காத்து நிற்கின்றன. வீடு கீறித் தரச் சொல்லி மீண்டும் கேட்டு வருகிற தகப்பன்மாரை அவள் யோகலிங்கத்திடம் அனுப்பிவிடுகிறாள்.

காலை ஐந்து இருபதுக்கு அன்ஸார் பஸ்ஸை வீட்டிலிருந்து வெளியே எடுக்கிறான். அது நின்ற இடத்தில் நாள் முழுக்கக் கிழக்குக் காற்று நிற்கிறது. ஜெஸ்மின் பாலர் பாடசாலைக்குப் போன பிறகு வீட்டில் றம்லா ஒருத்திதான். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலடியில் இருந்து, ஒருவரோடும் கதைக்காமல் இருக்கிறாள். அதுதான் அவளுடைய விருப்பம். பின்னேரம் ஆறு ஐம்பதுக்குப் பாலத்தடியில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்கும்போது எழும்பி, தலையைச் சரிசெய்துகொண்டு, சுவர் விலகும் இடத்தில் போய் நிற்கிறாள். அதுவும் அவளுடைய விருப்பம்தான்.